மூளையை மாத்தவா, வீட்டையே மாத்தவா? – ஒரு சாக்கெட் புராணம்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான கொசுவத்தி. கம்ப்யூட்டரைக் கழட்டிப் பாக்காதவங்களும் தைரியமா படிக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் கடைசிப் பத்தியிலதான் வருது :-)

எங்க வீட்டுல சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணின்னா ஆட்டம். துபாய்ல ஒருத்தன், நியூஜெர்சியில ஒருத்தன், பெங்களூர்ல ஒருத்தன், சென்னையில நான். நாலு பேரும் ஒரே கட்சி, எதிர்ல கம்ப்யூட்டர் ஆடுற நாலு ராஜாக்கள். விளையாட்டு ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2. 1999-ல வந்த அதே ஆட்டம்தான். 2019 நவம்பர்ல புது பெயின்ட் அடிச்சு திரும்ப விட்டாங்க. சைதாப்பேட்டையில வாடகை வீடு எடுத்துத் தங்கியிருந்தப்போ நடு ஹால்ல ஒரு ஹப்பை வெச்சு வயர் இழுத்து ஆடின அதே நாலு பேர். இதுல 14-னு டைப் பண்ணினா "ஆட்டத்தை ஆரம்பிங்கப்பா"ன்னு ஒரு குரல் கத்தும். அந்த 14 எங்களுக்குள்ள இன்னிக்கும் குறுஞ்செய்தியில ஓடுது. கல்யாணத்துக்கு லேட்டா வந்தவனுக்கும் 14 தான்.

போன மாசம் ஒரு ஆட்டம். முக்கால் மணி நேரம் ஜம்முனு போச்சு. அப்புறம் ஆளுக்கு இருநூறு பேர்னு படை சேர்ந்ததும் குதிரை எல்லாம் சேத்துல நடக்குற மாதிரி நடக்க ஆரம்பிச்சுது. துபாய்க்காரன் "யார் பொட்டிடா இழுக்குது?"ன்னு கேட்டான். யாரும் பதில் சொல்லலை. எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆட்டம் முடிஞ்சதும் நியூஜெர்சிக்காரன் ரொம்ப மெதுவா, "இனிமே நூறு பேர் படையோட ஆடிக்கலாம்டா, அதுவும் நல்லாத்தான் இருக்கும்"னான்.

திட்டியிருந்தா பரவாயில்லை. விட்டுக்கொடுத்தான் பாருங்க, அதுதான் தாங்கலை. அவ்வ்வ்...

என் பொட்டி மெதுவா இருந்தா நாலு பேருக்கும் ஏன் மெதுவாகணும்? இந்த ஆட்டத்தோட அமைப்பு அப்படி. ஒவ்வொருத்தர் பொட்டியும் முழு யுத்தத்தையும் தனியா கணக்குப் போடும். வயர்ல போறது "இந்த இருபது வில்லாளி அங்கே போ" மாதிரியான உத்தரவு மட்டும்தான். நூத்துக்கணக்கான வீரர்களோட நிலவரத்தை 28.8 கிலோபிட் மோடத்துல அனுப்பவா முடியும்? அதனால எல்லா பொட்டியும் ஒரே தாளத்துல அடி வைக்கணும், தாளத்தை முடிவு பண்றது இருக்கறதுலயே சோம்பேறிப் பொட்டி. இதை உருவாக்கின ஆளுங்க ரெண்டு பேர் 2001-லயே இதை விவரமா கட்டுரையா எழுதி வெச்சிருக்காங்க. தேர் இழுக்குறப்போ ஒருத்தன் நின்னுட்டா வடமே நிக்குற கதை.

என் பொட்டி 2017-ல கட்டினது. ரைசன் 5 1600 ப்ராசஸர், பி350 மதர்போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.4 மெமரி. நடுவுல கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் ஒரு தடவை மாத்தினேன். இந்த ஆட்டத்துக்கு அது பிரச்சினையே இல்லை, இடிக்கிறது ப்ராசஸர்தான். போதாததுக்கு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 ஏத்துக்குற ப்ராசஸர் பட்டியல்ல முதல் தலைமுறை ரைசன் கிடையாது. அக்கம்பக்கமா ரெண்டு பக்கமும் இடி.

ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சேன். புது தலைமுறைக்குப் போகணும்னா ப்ராசஸர், போர்டு, மெமரி மூணும் புதுசு. 2025 கடைசியில மெமரி விலை ஏறின ஏத்தம் தெரியும்ல? செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கே மெமரி எல்லாம் போகுது, நமக்கு மிச்சம் மீதிதான். மூணும் சேர்த்து அறுபதாயிரத்தைத் தாண்டிச்சு. வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி: "சின்ன சிப்பு ஒண்ணு பழசாயிடுச்சுன்னா அதை மட்டும் மாத்த வேண்டியதுதானே? எதுக்கு மொத்தத்தையும்?"

ஙே!

நியாயமான கேள்வி. ஒரு வரியில பதில் சொல்ல வரலை. முப்பது வருஷக் கதையைத் தோண்ட வேண்டியதாப் போச்சு.

ஒரு காலத்துல தங்கமணி சொன்ன மாதிரிதான் இருந்துது. 1995 வாக்குல வந்த சாக்கெட் 7-ங்கிற சொருகுமிடத்துல இன்டெல் பென்டியமும் உக்காரும், ஏ.எம்.டி. கே5, கே6-ம் உக்காரும், சைரிக்ஸும் உக்காரும், வின்சிப்புன்னு ஒண்ணு வந்துது, அதுவும் உக்காரும். போர்டைப் போட்டுட்டா மூளையை எந்தக் கடையிலயும் வாங்கிக்கலாம். ஏ.எம்.டி.யே இன்டெலோட வடிவமைப்பை 1982 ஒப்பந்தத்தின் பேர்ல தயாரிச்சு வளர்ந்த கம்பெனிதான். அடுத்தவன் சாக்கெட்ல தன் சிப்பை உக்கார வெச்சே அதுவரைக்கும் பொழப்பு நடந்துது.

1997 மே மாசம் இன்டெல் கதவைச் சாத்திச்சு. பென்டியம் 2 வந்தது சில்லு மாதிரி இல்லை, வீடியோ கேம் கேட்ரிட்ஜ் மாதிரி. சொருகுறது ஸ்லாட் 1-ங்கிற நீளப் பள்ளத்துல. இதுக்கு உண்மையான தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கேஷ் மெமரி சில்லுகளை ப்ராசஸருக்குப் பக்கத்துல ஒரே அட்டையில வைக்க இது வசதி. ஆனா அந்தப் பள்ளமும் அதுக்குப் பின்னால ஓடுற பஸ்ஸும் இன்டெலோட காப்புரிமைக்குள்ள. போட்டிக்காரன் அங்கே சொருக முடியாது. ரெண்டு காரணத்துல எது பெருசுன்னு இன்டெல்லைக் கேட்டா முதலாவதைச் சொல்லும். என்னைக் கேட்டா ரெண்டாவது.

ஏ.எம்.டி.க்கு வேற வழியில்லை. சாக்கெட் 7-ஐயே பிடிச்சுக்கிட்டு, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கி, சூப்பர் சாக்கெட் 7-னு பேர் வெச்சு, 1998 மே மாசம் கே6-2-வை இறக்கினாங்க. நெக்ஸ்ஜென்னு ஒரு சின்ன கம்பெனியை 1996-ல வாங்கினாங்களே, அவங்க வெச்சிருந்த வடிவமைப்பைச் சாக்கெட் 7-க்குத் தகுந்தபடி மாத்தினதுதான் கே6 குடும்பம். விலை கம்மி. தசமக் கணக்குல மட்டும் பென்டியம் 2-வை விடச் சோப்ளாங்கி. அன்னிக்கு குவேக் மாதிரி ஆட்டம் எல்லாம் அந்தக் கணக்குலதான் ஓடும். அதை ஈடுகட்ட த்ரீடி நவ்-னு தனிக் கட்டளைகள் சேர்த்தாங்க. அதுக்குன்னே எழுதின ஆட்டத்துல மட்டும்தான் பலன்.

அதே 1998 ஆகஸ்ட்ல இன்டெல் தெரியாத்தனமா ஒரு பொக்கிஷத்தை ஏழைக்கு வித்துது. செலரான் 300ஏ. அதுக்கு நாலு மாசம் முன்னாடி வந்த முதல் செலரான்ல கேஷே கிடையாது, சந்தி சிரிச்சுது. அதனால இதுல 128 கே.பி. கேஷை சில்லுக்குள்ளயே வெச்சாங்க. பென்டியம் 2-ல 512 கே.பி. இருந்தாலும் அது அரை வேகத்துல ஓடும். இது முழு வேகம். 66 பஸ்ஸை 100-னு மாத்தினா 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-ல ஓடும், பெரும்பாலான சில்லுகள் முணுமுணுக்காம ஓடிச்சு. உலகம் முழுக்க பசங்க ஏபிட் பி.எச்.6 போர்டு வாங்கி இதைத்தான் பண்ணினாங்க. அந்த போர்டோட 440பி.எக்ஸ். சிப்செட் 1998 ஏப்ரல்ல வந்தது. பென்டியம் 2-க்காக வந்த அதுலயே பின்னாடி மாத்துச்சட்டம் போட்டு 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வரைக்கும் ஓட்டினவங்க உண்டு.

1999 கடைசி. கையில முதல் வேலையின் முதல் சேமிப்பு. கடைக்காரர் ரெண்டையும் காட்டினார்: செலரானும் 440பி.எக்ஸும், இல்லைன்னா கே6-2-வும் சூப்பர் 7-ம். ரெண்டாவது கொஞ்சம் மலிவு, பெட்டியில மெகாஹெர்ட்ஸ் நம்பரும் பெருசு. நான் எதை எடுத்திருப்பேன்னு சொல்லவும் வேணுமா? அதே வருஷம் ஜூன்லயே ஏ.எம்.டி. ஆத்லானைக் கொண்டுவந்து ஸ்லாட் ஏ-ன்னு புது வீட்டுக்குக் குடி போயாச்சு. இன்டெல் பஸ் கிடைக்காததால டிஜிட்டல் கம்பெனி ஆல்ஃபா ப்ராசஸரோட பஸ்ஸை உரிமம் வாங்கினாங்க. சொருகுமிடம் மட்டும் ஸ்லாட் 1-ஐ அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி! நான் வாங்கினது ஏற்கனவே காலியான வீடு. ரெண்டு வருஷத்துல எதையும் மாத்த முடியாம எல்லாத்தையும் மாத்தினேன். அந்தக் கால பாஷையில சொன்னா சொ.செ.சூ.

மெமரியையும் ப்ராசஸரையும் சேர்த்துக் கட்டிவெச்சு வித்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அடுத்த பாடம் பென்டியம் 4. 2000 நவம்பர்ல சாக்கெட் 423-ல வந்துது. கூடவே ராம்பஸ் கம்பெனியோட ஆர்.டி.ரேம் கட்டாயம். யானை விலை. ஜோடி ஜோடியா சொருகணும், காலியா இருக்குற இடத்துலயும் ஒரு வெத்து அட்டையைச் சொருகணும். விலை பயத்துல யாரும் வாங்கலைன்னு இன்டெல் ப்ராசஸர் டப்பாவோட ரெண்டு மெமரி அட்டையை இலவசமா வெச்சுக் குடுத்துப் பாத்துது. 2001 ஆகஸ்ட்ல சாக்கெட் 478 வந்துது, அடுத்த மாசமே சாதாரண எஸ்.டி.ரேம் போடுற 845 சிப்செட். முந்திக்கிட்டு 423 வாங்கினவன் ஒரு வருஷம் கூட முடியறதுக்குள்ள முட்டுச்சந்துல. புது மெமரி வந்த புதுசுல, விலை உச்சத்துல இருக்குறப்போ, அதுக்குன்னே போர்டு வாங்குறது பத்தி எனக்கு இருக்குற பயம் அங்கே ஆரம்பிச்சதுதான்.

தங்கமணி கேள்விக்கான நேரடி பதில் 2003 செப்டம்பர்ல இருக்கு. அதுவரைக்கும் மெமரிகிட்டப் பேசுற வேலையை போர்டுல இருக்குற சிப்செட் பாத்துக்கிட்டிருந்துது. ஆத்லான் 64-ல ஏ.எம்.டி. அந்த வேலையை ப்ராசஸருக்குள்ளயே கொண்டுபோச்சு. வேகம் கூடிச்சு. ஆனா அன்னியிலேர்ந்து மெமரி வகை மாறினா ப்ராசஸரோட பின்கள் மாறணும், பின் மாறினா சாக்கெட் மாறணும், சாக்கெட் மாறினா போர்டு மாறணும். இன்டெல்லும் 2008-ல கோர் ஐ7-ல அதையே செஞ்சுது. அதாவது சிப்பு, போர்டு, மெமரி மூணும் அன்னிக்குக் கூட்டுக்குடும்பம் ஆயிடுச்சு. இதை நான் சொன்னப்போ, "அப்ப மெமரி மாறலைன்னா சிப்பை மட்டும் மாத்தலாம்ல?"ன்னு அடுத்த கேள்வி வந்துது. ஆணி புடுங்குற இடத்துல கூட இவ்வளவு சரியா யாரும் கேட்டதில்லை.

மாத்தலாம்தான். மனசு இருந்தா. இதுல யாரும் உத்தமர் இல்லைங்கிறதையும் சொல்லணும். ஏ.எம்.டி.யே 754, 939, ஏ.எம்.2-னு 2003-லேர்ந்து 2006-க்குள்ள மூணு சாக்கெட் மாத்தி அலையவிட்டுது. அப்புறம் 2009-ல பிராயச்சித்தம் பண்ணிச்சு. ஏ.எம்.3 ஃபீனம் 2 ப்ராசஸருக்கு டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 ரெண்டு பாஷையும் தெரியும், பழைய ஏ.எம்.2+ போர்டுலயும் உக்காந்துது. இன்டெல் பக்கம் 2009 செப்டம்பர்ல எல்.ஜி.ஏ. 1156, 2011 ஜனவரியில 1155. ஒரே ஒரு பின் கம்மி, மெமரி அதே டி.டி.ஆர்.3, போர்டு மட்டும் குப்பைக்கு! 2015-ல வந்த 1151 இன்னும் விசேஷம். 2017 அக்டோபர்ல ஆறு கோர் ப்ராசஸர் அதே 1151-லதான் வந்துது, பள்ளமும் அதே எண்ணிக்கை, ஆனா பழைய 1151 போர்டுல ஓடாதுன்னுட்டாங்க. மின்சாரம் போற பின்களை மாத்தியிருக்கோம்னு விளக்கம். சில கில்லாடிகள் பயாஸை நோண்டி பழைய போர்டுலயே ஓட்டிக் காட்டினாங்க.

இந்தச் சமயத்துலதான், 2017 மார்ச்சுல, ரைசன் வந்துது. ஏ.எம்.4 சாக்கெட், 2020 வரைக்கும் இதே சாக்கெட்னு வாக்குறுதி. நாலு கோர்லயே பத்து வருஷமா நம்மளை உக்கார வெச்சிருந்தது இன்டெல். சாதாரண வீட்டுப் பொட்டிக்கு 2007-ல க்யூ6600-ல நாலு கோர், 2017 தொடக்கத்துலயும் நாலு கோர். ஏ.எம்.டி. நடுத்தர விலையில ஆறு கோர் குடுத்துது. நான் வாங்கினது அதைத்தான். சூப்பர் 7 சூடு ஆறாத மனசு, இருந்தாலும் அந்த வாக்குறுதியை நம்பினேன்.

வாக்குறுதி முறிஞ்சுதுன்னே நினைச்சேன். 2020 மே மாசம் ஏ.எம்.டி., அடுத்து வர்ற ஜென் 3 ப்ராசஸர் 500 வரிசை போர்டுலதான் ஓடும்னு அறிவிச்சுது. காரணம் என்னன்னா பயாஸ் சில்லுல 16 எம்.பி. தான் இடம், இத்தனை தலைமுறை ப்ராசஸரோட ஜாதகத்தை அதுக்குள்ள அடைக்க முடியலையாம். பி450 வாங்கினவங்க போட்ட கூச்சல்ல ரெண்டே வாரத்துல பின்வாங்கிட்டாங்க. என்னோட 300 வரிசை அப்பவும் பட்டியல்ல இல்லை. 2022-ல, இன்டெலோட 12-வது தலைமுறை நல்லா விக்க ஆரம்பிச்ச பிறகு, திடீர்னு ஞானோதயம். 300 வரிசைக்கும் ஜென் 3 உண்டுன்னு அறிவிப்பு, வசந்த காலத்துல பயாஸும் வந்துது. பாசத்துல செஞ்சதுன்னு நான் நம்பலை. போட்டி இருக்குறப்போதான் நம்ம பழைய போர்டு அவங்க கண்ணுக்குத் தெரியுது. 1997-ல சாத்தின கதவும் 2022-ல திறந்த கதவும் வியாபாரம்தான்.

அதனால இன்னிக்கு என் முன்னால இருந்த வழிகள் மூணு. முதல் வழி ஏ.எம்.5. 2022 செப்டம்பர்ல வந்தது, 2027 வரைக்குமாவது ஆதரவுன்னு சொல்லியிருக்காங்க. நல்ல வீடுதான். ஆனா டி.டி.ஆர்.5 மட்டும்தான் ஏறும், விலையோ மேல சொன்னபடி. ஆர்.டி.ரேம் ஞாபகம் வந்து வயித்தைப் பிசையுது. ரெண்டாவது இன்டெல் எல்.ஜி.ஏ. 1700. டி.டி.ஆர்.4 போடுற போர்டும் அதுல உண்டு, மெமரிச் செலவு மிச்சம். ஆனா 2024 அக்டோபர்ல 1851-னு அடுத்த சாக்கெட் வந்தாச்சு. காலியான வீட்டை இன்னொரு தடவை காசு குடுத்து வாங்குறதா? ஒரு கே6-2 போதும்பா.

மூணாவது, இருக்குற போர்டுலயே கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறது. கணக்குப் போட்டேன். ஏ.எம்.டி. சொல்ற கணக்குல ஒரே வேகத்துல ஜென் 2 முந்தினதை விட 15 சதவீதம் வேலை அதிகம் செய்யும், ஜென் 3 அதுக்கு மேல 19. நடுவுல வந்த ஜென்+ ஒரு மூணு. என் 1600-ஓட உச்சம் 3.6 கிகாஹெர்ட்ஸ், ரைசன் 7 5700எக்ஸ் 4.6. பெருக்கிப் பாத்தா ஒரே கோர்ல ஏறக்குறைய 80 சதவீதம் கூடுதல். கம்பெனிக்காரன் சதவீதம்தான், பாதியாக் குறைச்சுக்கிட்டாலும் லாபம். கேஷ் கதை இன்னும் முக்கியம். 1600-ல 8 எம்.பி.யா ரெண்டு துண்டு, நடுவுல சுவர். 5700எக்ஸ்ல 32 எம்.பி. ஒரே கூடம். ஆயிரத்தறுநூறு வீரர்களோட கணக்கைத் திரும்பத் திரும்பப் புரட்டுற ஆட்டத்துக்கு இதுதான் மருந்து. செலரான் 300ஏ கத்துக்குடுத்த பாடம்.

5800எக்ஸ்3டி ஏன் இல்லைன்னு கேப்பீங்க. 2022 ஏப்ரல்ல வந்த அதுல கேஷ் 96 எம்.பி., ஆட்டத்துக்கு ராஜா. ஆனா உற்பத்தி நின்னாச்சு. பழசு விக்கிறவங்க சொல்ற விலை எனக்குக் கட்டலை. போக அது 105 வாட்ஸ், 5700எக்ஸ் 65 வாட்ஸ், என் 1600-ம் 65 தான். 2017-ல வாங்கின மலிவு போர்டோட மின்சாரச் சில்லுகளை வயசான காலத்துல ஓடவிடக் கூடாது. இந்த ப்ராசஸரை விண்டோஸ் 11-ம் ஏத்துக்குது. செலவு அறுபதாயிரத்துல கால் பங்கு.

தங்கமணிகிட்ட சொன்னேன். "இதைத்தானே முதல்லயே சொன்னேன்"னுட்டுப் போயிட்டாங்க.

வியாழக்கிழமை சிப்பு வந்துது. முதல்ல பயாஸ். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே புது பயாஸை ஏத்தணும், புதுசைச் சொருகிட்டு ஏத்த முடியாது. பாதியில கரன்ட் போச்சுன்னா போர்டு செங்கல். யு.பி.எஸ். பேட்டரியைச் சரிபாத்துட்டு, பையனை அந்தப் பக்கம் வராதேன்னு விரட்டிட்டு, அந்தச் சில நிமிஷம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். அடுத்தது விசிறி. ஏ.எம்.4-ல பின் எல்லாம் ப்ராசஸர் பக்கம். வருஷக்கணக்குல காஞ்ச பசையோட விசிறியை நேரா இழுத்தா ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிட்டு வந்துடும், பின் வளைஞ்சுடும். அதனால அரை மணி நேரம் ஒரு ஆட்டத்தை ஓடவிட்டு சூடாக்கி, அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு, விசிறியை நேரா இழுக்காம இடவலமா திருகித் திருகி எடுத்தேன். வந்துடுச்சு. இத்தனை நாளா 2666-க்கு மேல ஏற மாட்டேன்னு அடம்பிடிச்ச 3000 மெகாஹெர்ட்ஸ் மெமரி, புது மூளையைப் பாத்ததும் சமர்த்தா 3000-ல நின்னுது.

வர்ற சனிக்கிழமை, ப்ளாக் ஃபாரஸ்ட் மேப், ஆளுக்கு இருநூறு பேர் படைன்னு நியூஜெர்சிக்காரனுக்குச் செய்தி அனுப்பினேன். பதில்ல எழுத்தே இல்லை. 14-னு மட்டும் இருந்துது.